டிடர்மினர் பிழைகள்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

ஒரு மொழியில் சொல்வளம் சேர்ந்துவிடுகிறது, வினைச்சொல் கைவந்துவிடுகிறது, காலமும் பெரும்பாலும் சரியாக அமைந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் விடாமல் துரத்துவது பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் குட்டிச் சொற்கள்தான். ஆங்கிலத்தின் ‘தி’, ‘எ’, தமிழின் அந்த, இந்த, எந்த, என், உன், சில, பல, எல்லா, ஒவ்வொரு, இவற்றோடு எண்களும். எல்லாவற்றுக்கும் சேர்த்து டிடர்மினர் என்று பெயர். ‘புத்தகம்’ என்றால் உலகத்துப் புத்தகங்களில் எது, எத்தனை, யாருடையது என்று வரம்பு கட்டிக் கொடுப்பது இவற்றின் வேலை.

கீழே இருப்பது பாடம் அல்ல. உங்கள் வாக்கியத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். பிறமொழி எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒலிப்பு கிட்டத்தட்டத்தான் இருக்கும்.

எதையும் திருத்தும் முன்

பிழை தெரிந்ததும் விதியைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அந்தப் பெயர்ச்சொல்லையும் அதை ஒட்டியுள்ள சொற்களையும் மட்டும் தனியே எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மூன்றைப் பாருங்கள். நான் எதைச் சொல்கிறேன் என்பது கேட்பவருக்குத் தெரியுமா? அந்தப் பெயர், அந்த மொழியில், எண்ணக்கூடியதா? இந்தத் தகவலை அந்த மொழி எங்கே ஒட்டுகிறது: பெயருக்கு முன்னாலா, பின்னாலா, பெயரடையிலா, வினையிலா?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் கேட்பதே இல்லை. ஆனால் பாதிப் பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. சொல்ல வந்தது சரியாக இருக்கும். அதைத் தன் தாய்மொழி ஒட்டும் இடத்தில் ஒட்டியிருப்பார்கள்.

அறிகுறி: எங்கே ‘தி’, எங்கே ‘எ’ என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறது

தமிழில் ஆர்ட்டிகிள் (‘தி’, ‘எ’ போன்ற சொல்) இல்லை, அதனால் நமக்கு அந்த உணர்வே இல்லை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஆர்ட்டிகிள் இல்லாதது ஒன்றும் அபூர்வமில்லை. உலக மொழிகளின் அமைப்பை வரைபடமாக்கிய பெரிய தொகுப்பு ஒன்றில் இதற்காகப் பார்க்கப்பட்ட 620 மொழிகளில் 198 மொழிகளுக்கு ‘தி’யும் இல்லை, ‘எ’யும் இல்லை. அந்த மொழிகளைப் பேசுகிறவர்கள் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமலா பேசிக்கொண்டிருக்கிறார்கள்? அவர்கள் வேறு கருவியால் அதே வேலையைச் செய்கிறார்கள். நாமும் அப்படித்தான்.

இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

நேற்று ராத்திரி புத்தகம் படித்தேன்.
நேற்று ராத்திரி புத்தகத்தைப் படித்தேன்.

முதலாவதில் எந்தப் புத்தகம் என்பது பேச்சே இல்லை. படிப்பு நடந்தது, அவ்வளவுதான். இரண்டாவதைக் கேட்டதும் ‘எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியும் என நினைத்துப் பேசுகிறார்’ என்று கேட்பவருக்குப் படும். வித்தியாசம் முழுவதும் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’யில் இருக்கிறது. துருக்கி மொழியும் அப்படியே: ‘கிதாப் ஒகுதும்’ என்றால் புத்தகம் படித்தேன், ‘கிதாபு ஒகுதும்’ என்றால் புத்தகத்தைப் படித்தேன். அந்தக் கடைசி ‘உ’ ஏறக்குறைய நம் குற்றியலுகரம்.

ஆகவே முதல் சோதனை இது. ஆங்கில வாக்கியத்தில் செயப்படுபொருளாக நிற்கும் பெயரைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். அஃறிணைப் பெயரில் ‘ஐ’ தானாக வந்து ஒட்டினால், பெரும்பாலும் ‘தி’. ‘ஐ’ இல்லாமலே வாக்கியம் இயல்பாக நின்றால், ‘எ’ அல்லது ஒன்றுமே இல்லை.

இந்தச் சோதனை மூன்று இடங்களில் காலை வாரிவிடும். ஒன்று, உயர்திணை: ‘டாக்டரைப் பார்த்தேன்’ என்பதில் தெரிந்த டாக்டரோ தெரியாத டாக்டரோ, ‘ஐ’ வந்தே தீரும். இரண்டு, ‘ஒரு புத்தகத்தைப் படித்தேன்’ போன்றவை: சொல்கிறவருக்கு எது என்று தெரியும், கேட்பவருக்குத் தெரியாது, ஆங்கிலம் கேட்பவர் பக்கம் நின்று பார்ப்பதால் இங்கே ‘எ’தான். மூன்று, எழுவாய். எழுவாயில் ‘ஐ’ வராது.

எழுவாய்க்கு வேறு சோதனை வேண்டும். வாக்கியத்தில் அந்தப் பெயரின் இடத்தை மாற்றிப் பாருங்கள். ‘பூனை சமையலறையில் இருக்கிறது’ என்றால் பூனை ஏற்கெனவே பேச்சில் இருக்கிறது. ‘சமையலறையில் பூனை இருக்கிறது’ என்றால் பூனைதான் புதுச் செய்தி. முதலாவதற்கு ‘தி கேட்’, இரண்டாவதற்கு ‘எ கேட்’. தெரிந்தது முன்னே, புதியது பின்னே என்ற இந்த ஒழுங்கை ஆர்ட்டிகிள் இல்லாத பல மொழிகளில் பார்க்கலாம். சீனத்தில் ‘கெரென் லாய் லெ’ என்றால் நாம் எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டார். ‘லாய் கெரென் லெ’ என்றால் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார். சொற்கள் அதே மூன்று. ரஷ்ய மொழியும் இப்படித்தான் வரிசையை வைத்து வேலை வாங்குகிறது.

முதல் முறை சொன்னால் ‘எ’, மறுமுறை சொன்னால் ‘தி’ என்ற பள்ளிக்கூட விதியும் பாதிதான் உதவும். ‘வீட்டுக்குப் போனேன், கதவு பூட்டியிருந்தது.’ கதவு இப்போதுதான் முதல் முறை பேச்சில் வருகிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் ‘தி டோர்’. வீடு என்று சொன்னதுமே கதவு கேட்பவர் மனத்தில் வந்துவிட்டது. எத்தனையாவது முறை என்று எண்ணிக்கொண்டிருக்காமல், எது என்று கேட்பவரால் பிடிக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். சூரியன், வானம், உச்சநிலைச் சொற்கள், ‘முதல்’, ‘கடைசி’ இவற்றுக்கெல்லாம் ‘தி’ வருவதும் இதனால்தான். வேறொன்றோடு குழப்பிக்கொள்ள வழியே இல்லை.

அறிகுறி: பொதுவாகப் பேசும்போது ‘தி’ ஒட்டிக்கொள்கிறது, அல்லது ஒட்ட வேண்டிய மொழியில் விட்டுப்போகிறது

‘தி லைஃப் இஸ் ஹார்ட்’, ‘தி நேச்சர் இஸ் பியூட்டிஃபுல்’ என்று எழுதியிருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு. வாழ்க்கை, இயற்கை, இசை, அன்பு என்று முழுமையாகப் பேசும்போது ஆங்கிலம் வெறும் பெயரை விட்டுவிடும். பன்மையும் அப்படியே: பூனைகள் எல்லாம் பகலில் தூங்கும் என்று சொல்ல வெறும் ‘கேட்ஸ்’ போதும். ‘தி கேட்ஸ்’ என்றால் குறிப்பிட்ட சில பூனைகள்.

பிரெஞ்சுக்கோ ஸ்பானியத்துக்கோ போனால் நிலைமை தலைகீழ். அங்கே பொதுப்படப் பேசினாலும் ஆர்ட்டிகிள் வேண்டும். பிரெஞ்சில் இசை என்ற ஒரே சொல் எடுக்கும் மூன்று வடிவங்களைப் பாருங்கள்:

‘ழெம் லா முஸீக்’: எனக்கு இசை பிடிக்கும். இசை முழுவதும், எனவே ‘லா’.
‘ழெகூத் தெ லா முஸீக்’: இசை கேட்கிறேன். இசையில் கொஞ்சம், ஓர் அளவு. எனவே ‘தெ லா’.
‘ழெ நெகூத் பா தெ முஸீக்’: இசை கேட்பதில்லை. எதிர்மறை வந்ததும் ‘லா’ உதிர்ந்து ‘தெ’ மட்டும் நிற்கிறது.

தமிழில் மூன்றுக்கும் வெறும் ‘இசை’தான். அதனால் நம்மவர்கள் பிரெஞ்சில் அதிகம் தடுக்கி விழுவது இரண்டாவது வரியில். திருத்தும் வழி எளிது: பிடிக்கும், பிடிக்காது, வெறுக்கிறேன் போன்ற வினைகளுக்குப் பின் முழுமை, கேட்டேன், வாங்கினேன், குடித்தேன் போன்றவற்றுக்குப் பின் ஓர் அளவு. அந்த அளவு எதிர்மறையானால் ‘தெ’. ஒரு விதிவிலக்கை மட்டும் மறக்காதீர்கள்: ‘இது இசையே அல்ல’ என்பது போல ‘அல்ல’ என்று மறுக்கும்போது ‘தெ லா’ அப்படியே நிற்கும். நம் இல்லை, அல்ல வேறுபாடு இங்கே கை கொடுக்கிறது.

ஜெர்மனில் எதிர்மறைக்குத் தனி டிடர்மினரே உண்டு. ‘என்னிடம் புத்தகம் இல்லை’ என்பதற்கு ‘நிக்ட் ஐன்’ என்று இரண்டு சொல் அடுக்கியிருந்தால், இரண்டையும் அடித்துவிட்டு ‘கைன்’ போடுங்கள்.

அறிகுறி: தமிழில் எழுதியது மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது

எல்லாச் சொல்லும் தமிழ், இலக்கணமும் சரி, ஆனாலும் யாரோ எழுதித் தந்ததை வாசிப்பது போலிருக்கிறது. அந்தப் பக்கத்தில் ‘அந்த’, ‘ஒரு’ இரண்டையும் வட்டமிட்டுப் பாருங்கள். ‘தி’ வந்த இடத்திலெல்லாம் ‘அந்த’, ‘எ’ வந்த இடத்திலெல்லாம் ‘ஒரு’ என்று நிரப்பியிருக்கும்.

‘அவர் ஒரு மருத்துவர். அவர் ஒரு பெரிய வீட்டில் வசிக்கிறார். அந்த வீட்டின் அந்தக் கதவு ஒரு நீல நிறத்தில் இருக்கும்.’

வட்டமிட்டவற்றை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு வாசியுங்கள். நீக்கியும் பொருள் குறையவில்லை என்றால் அது அங்கே வேண்டாத சுமை. ‘அவர் மருத்துவர். பெரிய வீட்டில் வசிக்கிறார். கதவு நீல நிறம்.’ மூன்று வாக்கியத்திலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ‘அந்த’ தன் இடத்தைச் சம்பாதிப்பது இரண்டு சூழலில்: இதுவல்ல அது என்று பிரித்துக் காட்டும்போது, அல்லது முன்னே விட்ட நூலைப் பிடிக்கும்போது. ‘நேற்றுச் சொன்னாயே, அந்தப் புத்தகம் கிடைத்ததா?’ இங்கே ‘அந்த’வை எடுத்தால் வாக்கியம் சரிந்துவிடும். ‘ஒரு’வும் ‘ஒரு ஊரில் ஒரு ராஜா’ என்று புதிய ஆளை மேடையேற்றும்போது உயிரோடு இருக்கிறது. சும்மா நிற்கும் ‘ஒரு’தான் பிரச்சினை.

தொழிலைச் சொல்லும் வாக்கியத்தில் ‘எ’ கேட்பது ஆங்கிலத்தின் பழக்கம். ஜெர்மனில் ‘ஸீ இஸ்ட் ஏர்ட்ஸ்டின்’, அவர் மருத்துவர், ஆர்ட்டிகிள் கிடையாது. ஆனால் நல்ல மருத்துவர் என்று பெயரடை சேர்த்தால் ‘ஐனெ கூட்டெ ஏர்ட்ஸ்டின்’ என்று ஆர்ட்டிகிள் வந்துவிடுகிறது. பிரெஞ்சிலும் இதே கதை. ஆங்கிலம் வழியாக இந்த மொழிகளைக் கற்கிறவர்கள் அங்கே போய் ஆங்கிலப் பிழை செய்வதை அடிக்கடி பார்க்கலாம். தமிழ் வழியாக யோசித்திருந்தால் தப்பியிருப்பார்கள்.

அறிகுறி: இரண்டு டிடர்மினர் மோதிக்கொள்கின்றன

‘எ மை ஃப்ரெண்ட்’, ‘திஸ் மை புக்’, ‘தி ஹிஸ் ஹவுஸ்’. தமிழில் ‘என்னுடைய இந்தப் புத்தகம்’, ‘அந்த என் பழைய வீடு’ என்று வரிசையாக அடுக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் இருப்பது ஒரே நாற்காலி. ‘மை’ உட்கார்ந்துவிட்டால் ‘எ’, ‘தி’, ‘திஸ்’ எதற்கும் இடமில்லை. மிஞ்சியதைப் பின்னால் அனுப்புங்கள்: ‘எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்’, ‘திஸ் புக் ஆஃப் மைன்’. ‘ஆல்’, ‘போத்’, ‘ஹாஃப்’ போன்ற சில மட்டும் நாற்காலிக்கு முன்னே நின்றுகொள்ளும்: ‘ஆல் மை புக்ஸ்’.

இது எல்லா மொழிக்கும் பொது விதி என்று நினைத்துக்கொண்டு போனால் அடுத்த மொழியில் மாட்டிக்கொள்வீர்கள். இத்தாலியத்தில் என் வீடு என்பது ‘லா மியா காஸா’. ‘லா’வை விட்டால்தான் பிழை. ஆனால் என் அம்மா, என் அக்கா என்று ஒருமை உறவுப்பெயர் வந்தால் ‘லா’ போய்விடும்: ‘மியா மாத்ரே’. அக்காக்கள் என்று பன்மையானதும் ஆர்ட்டிகிள் திரும்ப வருகிறது: ‘லே மியே ஸொரெல்லே’. ஹங்கேரியனில் இந்த வீடு என்பது ‘எஸ் அ ஹாஸ்’. சுட்டும் ஆர்ட்டிகிளும் இரண்டும் கட்டாயம். கிரேக்கத்தில் ‘அஃப்தோ தோ விவ்லியோ’, இந்தப் புத்தகம், அங்கும் அப்படியே. அரபியும் இதே கட்சி.

ஸ்பானியத்தில் இன்னொரு புத்தகம் ‘ஓத்ரோ லிப்ரோ’ மட்டும்தான். முன்னால் ‘உன்’ போட்டிருந்தால் ஆங்கிலத்து ‘அனதர்’ உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சொல்லில் ‘ஆன்’ ஏற்கெனவே ஒட்டிக்கிடக்கிறது.

அறிகுறி: அரபியில் ‘பெரிய புத்தகம்’ என்று எழுதினேன், ‘புத்தகம் பெரியது’ என்று வாசிக்கிறார்கள்

காரணம் ஒரே ஒரு ‘அல்’. ‘அல்-கிதாப் அல்-கபீர்’ என்றால் பெரிய புத்தகம், அதாவது நமக்குத் தெரிந்த அந்தப் பெரிய புத்தகம். ‘அல்-கிதாப் கபீர்’ என்றால் முழு வாக்கியம்: புத்தகம் பெரியது. ‘இருக்கிறது’ என்ற வினை தேவைப்படாத மொழி என்பதால், பெயரடையில் ‘அல்’ இல்லாததே அதைப் பயனிலை ஆக்கிவிடுகிறது. எபிரேயமும் இப்படியே: ‘ஹ-பயித் ஹ-கதோல்’ பெரிய வீடு, ‘ஹ-பயித் கதோல்’ வீடு பெரியது. திருத்தம்: பெயருக்கு என்ன போட்டீர்களோ பெயரடைக்கும் அதையே போடுங்கள்.

உடைமைத் தொடரில் நேர் எதிர். பையனின் புத்தகம் என்பது ‘கிதாப் அல்-வலத்’. இரண்டாவது பெயரில் மட்டும் ‘அல்’. முதலாவதில் போட்டால் தொடர் உடைந்துபோகும். பையன் யார் என்று தெரிந்தால் அவன் புத்தகமும் தெரிந்ததாகிவிடும், தனியாக ‘அல்’ வேண்டாம் என்பது கணக்கு.

எழுத்தில் சரியாக ‘அல்’ இருக்கிறது, ஆனால் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்களா? அரபியின் 28 எழுத்துகளில் 14 ‘சூரிய’ எழுத்துகள். அவற்றின் முன் ‘ல்’ மறைந்து அடுத்த ஒலி இரட்டிக்கும்: ‘அஷ்-ஷம்ஸ்’. மற்ற 14 ‘சந்திர’ எழுத்துகளின் முன் ‘ல்’ அப்படியே: ‘அல்-கமர்’. எழுத்து மட்டும் இரண்டிலும் மாறாது.

அறிகுறி: இது டிடர்மினர்தானா, வாக்கியமா? (இந்தக் கோளாறு தமிழுக்குள்ளும் உண்டு)

தமிழ் கற்கும் வெளியாட்கள் ‘இது வீடு பெரியது’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தின் ‘திஸ்’ தனியாகவும் நிற்கும், பெயரோடும் ஒட்டும். தமிழில் வேலை பிரிந்திருக்கிறது. இது, அது, எது தனியாக நிற்பவை. இந்த, அந்த, எந்த பெயரில்லாமல் நிற்க முடியாதவை. ‘அது புத்தகம்’ என்றால் வாக்கியம் முடிந்துவிட்டது. ‘அந்தப் புத்தகம்’ என்றால் இன்னும் ஏதோ வரப்போகிறது. சந்தியிலும் இந்த வேறுபாடு தெரியும்: அந்த, இந்த, எந்த ஆகியவற்றுக்குப் பின் வல்லினம் மிகும், அது, இது, எதுவுக்குப் பின் மிகாது. உங்கள் எழுத்தில் ‘இந்த கதை’, ‘எந்த தெரு’ என்று ஒற்று விட்டுப்போயிருந்தால் ‘இந்தக் கதை’, ‘எந்தத் தெரு’ என்று திருத்துங்கள். சில, பல, ஒரு ஆகியவற்றுக்குப் பின் ஒற்று வேண்டாம்: ‘பல புத்தகங்கள்’, ‘ஒரு கதை’.

ஜப்பானியம் கற்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி. அங்கே ‘கோரே’ என்றால் இது, ‘கோனோ’ என்றால் இந்த. ‘கோரே ஹோன்’ என்று எழுதிவிட்டு எங்கே பிழை என்று தேடுவது ஆங்கிலம் வழியாகக் கற்றவர்களின் பாடு. நமக்கு ‘இது/இந்த’ என்று பொருத்திக்கொண்டால் முடிந்தது. ‘கோனோ ஹோன்’, இந்தப் புத்தகம்.

ஜப்பானியத்தில் நம்மைக் குழப்புவது வேறு: கோனோ, ஸோனோ, அனோ என்று சுட்டு மூன்று. பேசுகிறவர் பக்கம், கேட்கிறவர் பக்கம், இருவருக்கும் எட்டாதது. இன்றைய தமிழ்நாட்டுப் பேச்சில் இரண்டுதான் மிஞ்சியிருப்பதால் நடுவிலுள்ளதை ‘அந்த’ என்றே எடுத்துக்கொண்டு தவறான இடத்தில் ‘அனோ’ போட்டுவிடுகிறோம். ஆனால் அ, இ, உ மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘உந்தப் புத்தகம்’, ‘உது’, ‘உவன்’ இன்னும் பேச்சில் இருக்கின்றன. ஈழத்துப் பேச்சு பழகியவர்களிடம் ‘உந்த’ எங்கெல்லாம் வரும் என்று கேட்டுப் பாருங்கள், ‘ஸோனோ’ பாதி புரிந்துவிடும். ஸ்பானியத்தின் ‘எஸ்தே, எஸே, அகேல்’ மூன்றுக்கும் இதையே முதல் படியாக வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: அகராதியில் ஆர்ட்டிகிளைக் காணோம்

பெயரின் வாலைப் பாருங்கள். சுவீடிய மொழியில் ‘ஹூஸ்’ வீடு. ‘ஹூசெத்’ என்றால் தெரிந்த வீடு. ருமேனியத்தில் ‘ஓம்’ மனிதன்; ‘ஓமுல்’ அந்த மனிதன். பெயரடை வந்தால்தான் சிக்கல். சுவீடியம் அப்போது முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று என இரட்டை வேலி போடும்: ‘தே ஸ்தூரா ஹூசெத்’. பக்கத்து டேனிஷ் மொழி முன்னால் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு வாலை வெட்டிவிடும். ஒன்றைக் கற்றுவிட்டு மற்றதை எழுதுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். பல்கேரியத்தில் வால் முதலில் வரும் சொல்லுக்குத் தாவிவிடும்: ‘க்னிகதா’ புத்தகம், ஆனால் புதிய புத்தகம் என்றால் ‘நோவதா க்னிகா’.

சிங்களம் இன்னும் சுவாரசியம். அங்கே ‘பொத’ என்ற வெறும் பெயரே தெரிந்த புத்தகம்; தெரியாத ஏதோ ஒரு புத்தகத்துக்குத்தான் வால்: ‘பொதக்’. குறி போடாததே ‘தி’ என்பது நமக்குப் புதிது, பழகக் கொஞ்ச நாள் ஆகும். வங்காளத்தில் ‘செலேட்டா’ அந்தப் பையன், ‘ஏக்ட்டா செலே’ ஒரு பையன். ஒரே ‘ட்டா’, பெயருக்குப் பின்னால் நின்றால் ஒரு பொருள், எண்ணோடு முன்னால் போனால் வேறு பொருள்.

அறிகுறி: எண், அளவு வந்ததும் பெயர் தப்பாகிறது

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ நம்மிடையே மிகப் பரவலான பிழை. நண்பர்கள் கூட்டத்திலிருந்து ஒருவரை எடுக்கிறோம். கூட்டம் பன்மை, எனவே ‘ஃப்ரெண்ட்ஸ்’. ‘எவ்ரி’, ‘ஈச்’ இரண்டுக்கும் பின்னால் ஒருமை. ‘மோஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்று எழுதியிருந்தால் ‘ஆஃப்’பை எடுங்கள், அல்லது ‘ஆஃப் தி’ ஆக்குங்கள். ‘ஃப்யூ’ என்றால் ஏதோ கொஞ்சம்தான், போதவில்லை. ‘எ ஃப்யூ’ என்றால் சில இருக்கின்றன. ‘எ’ ஒன்று விட்டுப்போனால் நம்பிக்கை வாக்கியம் புலம்பலாகிவிடும்.

‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘ஆன் அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ ஆகியவை தொடக்கத்தில் சொன்ன இரண்டாம் கேள்வியில், அதாவது பெயர் எண்ணக்கூடியதா என்பதில், விழுந்தவை. தகவலைத் தமிழ் எண்ணும், ஆங்கிலம் எண்ணாது. இதற்குத் தர்க்கம் தேடாதீர்கள், மனப்பாடம்தான்.

எண்ணுக்குப் பின் பன்மை வருமா என்பதிலும் மொழிகள் ஒத்துப்போவதில்லை. துருக்கியில் ‘பெஷ் கிதாப்’, ஐந்து புத்தகம். பன்மை விகுதி சேர்த்தால் பிழை. தமிழில் அஃறிணைக்கு ‘ஐந்து புத்தகம்’, ‘ஐந்து புத்தகங்கள்’ இரண்டும் நடக்கும். சீனத்தில் எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே அளவைச் சொல் இல்லாவிட்டால் தொடரே நிற்காது: ‘ஸான் பென் ஷு’, மூன்று புத்தகம், ‘பென்’ என்பது நூல் போன்றவற்றை எண்ணும் சொல். இந்தப் புத்தகம் என்று சுட்டினாலும் ‘ஜெ பென் ஷு’. நம்மிடம் ‘மூன்று பேர்’ என்பதில் ‘பேர்’ செய்வது இதன் நிழல்.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டிய அளவுப் பிழை ஒன்று உண்டு. ‘எல்லா மாணவர்கள் வந்தார்கள்’, ‘ஒவ்வொரு வீடு பூட்டியிருந்தது’ என்ற வாக்கியங்கள் இப்போது நிறையக் கண்ணில் படுகின்றன. எல்லா, ஒவ்வொரு இரண்டும் தனியாக வேலை செய்யாதவை. பெயரின் முடிவில் ‘உம்’ வந்தால்தான் சுற்று முழுமையாகும். ‘எல்லா மாணவர்களும்’, ‘ஒவ்வொரு வீடும்’. ‘எந்த’வும் அப்படித்தான்: ‘எந்தப் புத்தகம் படித்தாய்?’ கேள்வி, ‘எந்தப் புத்தகமும் படிக்கவில்லை’ என்றால் ஒன்றுகூட இல்லை. எதிர்மறை வாக்கியத்தில் ‘உம்’ விட்டுப்போனால் வாசிக்கிறவர் அதைக் கேள்வி என்று நினைத்துத் திணறுவார்.

அறிகுறி: டிடர்மினர் இருக்கிறது, ஆனால் வடிவம் தவறு

ஆங்கிலத்தின் ‘எ/ஆன்’ ஒலியைப் பொறுத்தது, எழுத்தைப் பொறுத்ததல்ல: ‘ஆன் அவர்’ (ஒரு மணி நேரம்), ‘எ யுனிவர்சிட்டி’, ‘ஆன் எக்ஸ்ரே’. ‘ஓர் ஊர்’, ‘ஒரு வீடு’ என்று எழுதத் தெரிந்தவருக்கு இது போதும்.

ஜெர்மனில் நிலைமை கடினம். பாலும் எண்ணும் வேற்றுமையும் சேர்ந்து 16 கட்டங்கள். அவற்றை நிரப்புபவை ஆறே வடிவங்கள்: தேர், தீ, தாஸ், தேன், தேம், தெஸ். வேற்றுமையை நாம் பெயரின் வாலில் வைக்கிறோம். அவர்கள் பெரும்பாலும் ஆர்ட்டிகிளில் வைக்கிறார்கள். ‘தேர் ஹுண்ட் பைஸ்ட் தேன் மான்’ என்றால் நாய் மனிதனைக் கடிக்கிறது. அதே வரிசையில் ‘தேன் ஹுண்ட் பைஸ்ட் தேர் மான்’ என்று ஆர்ட்டிகிளை மட்டும் மாற்றினால் கடிப்பவன் மனிதன். தமிழில் ‘நாய் மனிதனை’, ‘நாயை மனிதன்’ என்று ‘ஐ’ இடம் மாறுவது போலவே. எனவே ஜெர்மன் வாக்கியத்தில் யார் யாரைச் செய்தார் என்று குழம்பினால் பெயரை விட்டுவிட்டு ஆர்ட்டிகிளைப் படியுங்கள். பெயரடையின் முடிவும் முன்னால் நிற்பதைப் பொறுத்தது: ‘தேர் அல்டெ மான்’, ஆனால் ‘ஐன் அல்டெர் மான்’. ‘ஐன்’ பாலைக் காட்டாததால் அந்த வேலை பெயரடையின் தலையில் விழுகிறது.

பால் தவறுகளுக்கு ஒரே மருந்து, பெயரை ஆர்ட்டிகிளோடு சேர்த்து மனப்பாடம் செய்வது. முடிவெழுத்தை நம்பினால் ஸ்பானியத்தில் ‘எல் ப்ரொப்லேமா’, ‘லா மானோ’ இரண்டும் ஏமாற்றும். ‘எல் அகுவா ஃப்ரியா’ என்பதைப் பார்த்துத் தண்ணீர் ஆண்பால் என்று முடிவுகட்டாதீர்கள். அழுத்தமான ‘அ’ ஒலிக்கு முன் ‘லா’ இடிக்கிறது என்பதால் ‘எல்’ வந்திருக்கிறது. பெயரடை ‘ஃப்ரியா’ பெண்பாலாகவே நிற்பதைப் பாருங்கள். பிரெஞ்சில் தோழியை ‘மா அமீ’ என்று சொல்லாமல் ‘மோன் அமீ’ என்பதும் உயிரொலி இடித்ததால்தான்.

அறிகுறி: ஊர், நாடு, ஆள் பெயர்களில் தடுமாற்றம்

இதில் பெரிய கொள்கை ஏதும் இல்லை. ஆங்கிலத்தில் ஆறு, கடல், மலைத்தொடருக்குத் ‘தி’. தனி மலைக்கும் ஏரிக்கும் இல்லை. நாடுகளில் நெதர்லாந்து, பிலிப்பைன்ஸ், காம்பியா போன்ற சிலவற்றுக்கு உண்டு. உக்ரைனுக்கு முன்பு போடுவார்கள்; 1991-இல் அந்நாடு விடுதலை பெற்ற பிறகு அது கைவிடப்பட்டது, இப்போது போட்டால் அரசியலாகிவிடும். ஜெர்மனில் சுவிட்சர்லாந்துக்கும் துருக்கிக்கும் ‘தீ’. கிரேக்கத்தில் ஆள் பெயருக்கே ஆர்ட்டிகிள் உண்டு: ‘ஓ யோர்கோஸ்’.

அறிகுறி: பெயர்த்தொடர் முழுவதும் சரி, இருந்தும் வாக்கியம் தவறு என்கிறார்கள்

ஹங்கேரியனில் இது நடக்கும். அங்கே செயப்படுபொருள் தெரிந்ததா தெரியாததா என்பதை வினைச்சொல்லும் சொல்ல வேண்டும். புத்தகம் படிக்கிறேன் என்பது ‘ஒல்வஷோக்’ என்ற வினையோடு வரும். தெரிந்த அந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன் என்றால் ‘ஒல்வஷோம்’. பெயருக்கு முன்னால் ‘அ’ என்ற ஆர்ட்டிகிளைச் சரியாகப் போட்டுவிட்டு வினையை ‘ஒல்வஷோக்’ என்றே விட்டால், வாக்கியத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று மறுக்கும். முதலில் பெயரைத் தீர்மானித்துக்கொண்டு, அதன் பிறகு வினைக்கு வாருங்கள். பெயருக்கு முன் ‘அ’வோ ‘அஸ்’ஸோ இருந்தாலும், செயப்படுபொருள் ஆள் பெயராகவோ ஊர்ப் பெயராகவோ இருந்தாலும் ‘ஒல்வஷோம்’ வரிசை. ‘எட்ய்’, ‘ஒரு’ என்ற பொருளில், இருந்தாலும் எதுவுமே இல்லாவிட்டாலும் ‘ஒல்வஷோக்’ வரிசை.